காந்தத்தைப் பசையை மட்டும் நம்பி விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பின் வாகனப் பக்கத்தில், பழைய கார்களுக்கு டிஜிட்டல் வேகமானி பொருத்துவது பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். நல்ல குறிப்பு. ஆனால் "ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் சிறிய காந்தம் ஒன்றை நல்ல பசை கொண்டு ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது" என்ற அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் என்பது கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் நீளக் குழாய். அந்த வரியை நம்பி நானும் என் மச்சானும் ஒருமுறை பட்டிருக்கிறோம்.

நான் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவன். மச்சானிடம் ஒரு பழைய அம்பாசடர் இருக்கிறது. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை நேரம், வேகம், தூரம் பார்த்து ஓட்டும் ராலிகளுக்குப் போவோம். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் ரோடுபுக்கை (வழியும் தூரமும் குறித்த கையேடு) மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பேன். இந்தப் போட்டியில் வேகமாகப் போகிறவருக்குப் பரிசு கிடையாது. சொன்ன சராசரி வேகத்தில் போக வேண்டும். முந்தினாலும் அபராதம், பிந்தினாலும் அபராதம். மணிக்கு 36 கி.மீ. சராசரி என்றால் நொடிக்கு 10 மீட்டர். 50 கி.மீ. தூரத்தில் வண்டியின் மீட்டர் நூற்றில் ஒரு பங்கு தவறாகக் காட்டினால் 500 மீட்டர், அதாவது 50 நொடி போய்விடும். அதனால்தான் கேபிள் வேகமானியை விட்டுவிட்டு, ஷாஃப்ட் சுற்றுவதை எண்ணும் மீட்டருக்கு வந்தோம். ஷாஃப்டில் உள்ள காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்தில் பிடித்திருக்கும் சென்சாரைக் கடக்கும், மீட்டர் அதை எண்ணும்.

சக்கரத்தில் வைக்காமல் ஷாஃப்டில் ஏன் வைக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடும். ஒரு சக்கரத்தை மட்டும் எண்ணினால் வளைவுக்கு வளைவு கணக்கு நழுவும். ஷாஃப்ட் டிஃபரன்ஷியலுக்கு (பின்சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரக் கூட்டு) முன்னால் இருப்பதால் இரண்டு பின்சக்கரங்களின் சராசரியைத்தான் காட்டும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் மீட்டர் பிசகாமல் ஓடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பயணத்தில்தான் வினையும் வந்தது. ஒரு கடையில் காந்தத்தை ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஷாஃப்டின் கறுப்புப் பெயின்ட் மேலேயே பசை, பசை மேல் பொத்தான் அளவு காந்தம், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. மலை ஏறும் வண்டியில் சைலன்சர் குழாய் எப்படிக் கொதிக்கும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அந்தக் குழாய் ஷாஃப்டுக்குப் பக்கத்தில்தான் போகிறது. பசை அப்போதே இளகியிருக்க வேண்டும். இறங்கி, ஆழியாறு தாண்டி, பொள்ளாச்சிக்குப் போகும் நேர்ச் சாலையில் மச்சான் 70 தொட்டபோது மீட்டர் சட்டென்று பூஜ்யம் காட்டியது. அடுத்த நொடி, தகரத்தை யாரோ பல்லால் கடிப்பதுபோல் காலுக்கடியில் ஒரு சத்தம். பிறகு 'தட் தட்' என்று அடி. ஓரம் கட்டிப் படுத்துப் பார்த்தேன்.

காந்தம் விடுபட்டு, இரண்டாக உடைந்து, ஒரு பாதி சென்சாரைத் தாங்கிய இரும்புப் பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் அது ஆப்பு வைத்ததுபோல் மாட்ட, ஷாஃப்ட் பட்டையை வளைத்துச் சென்சாரைப் பிய்த்திருக்கிறது. சென்சார் ஒயர் ஷாஃப்டில் நான்கு சுற்றுச் சுற்றியிருந்தது. அந்த ஒயரைக் கடைக்காரர் வசதிக்காகப் பின்பக்கம் போகும் பிரேக் பைப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். ஒயர் இழுத்த இழுப்பில் பைப்பின் கிளிப் தெறித்து, பைப் மூன்று விரல்கடை கீழே தொங்கியது. உடையவில்லை. அவ்வளவுதான் எங்களுக்கும் ஆபத்துக்கும் நடுவில் இருந்தது. மச்சான் சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்தவர் கால் மணி நேரம் பேசவே இல்லை.

திரும்பி வந்ததும் பட்டறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் ஓடுகிறது, அதற்குள் ஷாஃப்ட் 4 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,000 சுற்று. 70 மி.மீ. குறுக்களவுள்ள குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும் 10 கிராம் காந்தம், அந்த வேகத்தில் ஒன்றரைக் கிலோ எடை தொங்குவதுபோல் வெளியே இழுக்கும். 100 கி.மீ. வேகத்தில் அதே காந்தம் நாலேகால் கிலோவுக்கு மேல் இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும். இதை ஒரு சொட்டுப் பசையும் பெயின்டும் சேர்ந்து தாங்க வேண்டும் என்று விட்டுவிட்டோம். பசை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பெயின்ட் உரிந்தால் எல்லாம் உரியும். நியோடிமியம் காந்தத்துக்கு மேலே இருப்பது மெல்லிய நிக்கல் முலாம்; பசை முலாமைப் பிடித்துக்கொள்ள, முலாம் காந்தத்தை விட்டுவிடுவதும் உண்டு. சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் காந்தசக்தியையும் இழக்கத் தொடங்கும். சூடு அதிகமுள்ள இடத்துக்குக் கறுப்பு ஃபெரைட் காந்தம் நல்லது. இழுப்பு குறைவு, ஆனால் சூட்டையும் துருவையும் தாங்கும்.

இப்போது எங்கள் வண்டியில் இருப்பது அலுமினிய வளையம். ஷாஃப்ட் குழாயின் அளவுக்கே உள்துளை கடைந்து, வளையத்தை இரண்டாக அறுத்து, இரண்டு பக்கமும் ஆலன் போல்ட் போட்டு இறுக்கும் பிளவு வளையம். காந்தத்துக்கான குழியை வெளிப்பக்கத்திலிருந்து போடக் கூடாது. உள்பக்கத்திலிருந்து, அதாவது ஷாஃப்டைப் பார்க்கும் முகத்திலிருந்து குழி போட்டு, வெளியே ஒன்றரை மி.மீ. கனத்துக்கு அலுமினியச் சுவரை விட்டுவிட வேண்டும். காந்தம் வெளியே பறக்கப் பார்த்தால் அந்தச் சுவர்தான் தடுக்கிறது. காந்தப்புலம் அலுமினியத்தைத் தாண்டி வந்துவிடும், சென்சாருக்குக் குறையில்லை. எதிரெதிராக இரண்டு காந்தம் வைத்தால் எடையும் சமன், ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பும் கிடைக்கும். இரண்டு போல்ட்டும் எதிரெதிர் திசையிலிருந்து நுழைய வேண்டும். அதுவும் எடைச் சமனுக்குத்தான். மரைகளில், போல்ட் தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை ஒரு சொட்டு. சென்சார் ஹால் வகையாக (காந்தப்புலத்தை உணரும் மின்னணுச் சென்சார்) இருந்தால் இரண்டு காந்தத்திலும் ஒரே துருவம் வெளியே பார்க்க வேண்டும். எந்தத் துருவம் என்று கையில் சென்சாரை வைத்துச் சோதித்து, மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துவிட்டுப் பிறகு குழியில் போடுங்கள்.

லேத் வசதி இல்லாதவர்கள், காந்தம் உட்காரக் குழி வெட்டிய அலுமினியத் துண்டை இரண்டு ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் போட்டுப் பிடிக்கலாம். இங்கேயும் குழி ஷாஃப்டைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். கிளிப்களின் திருகுகள் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் வர வேண்டும், மிஞ்சிய வாலை வெட்டிவிட வேண்டும். அடியில் பெயின்டை எமரி ஷீட்டால் பளபளவென்று தேய்த்து, தின்னரால் துடைத்து, அரால்டைட் பூசி ஒரு நாள் முழுக்கக் காயவிடலாம். பசை துண்டு நகராமல் இருக்க மட்டும். பளு முழுவதும் கிளிப்பின் மேல். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திருகை இறுக்கிப் பாருங்கள். ஷாஃப்டில் துளை போடுவதோ வெல்டிங் வைப்பதோ வேண்டவே வேண்டாம். குழாயில் பற்றவைத்திருக்கும் சிறு தகட்டுத் துண்டுகள் எடைச் சமனுக்காகத் தொழிற்சாலையில் வைத்தவை. அழகில்லை என்று அவற்றைத் தட்டி எடுத்துவிட்டு, பிறகு வண்டி அதிர்கிறதே என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இடம் பார்ப்பதும் முக்கியம். ஷாஃப்டின் நடுவில் வளையத்தை வைத்து, சென்சாரை பாடியில் பிடித்தால் மேடுபள்ளத்தில் பின்னச்சு எகிறும்போது ஷாஃப்டின் நடுப்பகுதி அதில் பாதி உயரம் எகிறும். நாம் விடும் இடைவெளி நாலைந்து மில்லிமீட்டர்தான். அதனால் கியர்பாக்ஸ் பக்கம், முன் ஜாயின்ட்டை ஒட்டி இரண்டு விரல்கடைக்குள் வளையத்தை வையுங்கள். சென்சார் பட்டையும் கியர்பாக்ஸ் போல்ட்டிலிருந்தே வரட்டும். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் ஆடும்போது இரண்டும் சேர்ந்தே ஆடும். இடைவெளியைக் கடைசியாக அளக்கும்போது வண்டி தன் சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கில் தூக்கிய வண்டியில் அச்சு தொங்குவதால் ஷாஃப்ட் கோணமும் மாறும், ஸ்ப்ளைனில் (ஷாஃப்ட் முன்பின் நகர இடம் தரும் பல் வெட்டிய இணைப்பு) முன்பின் நகர்ந்தும் இருக்கும். பட்டறைப் பள்ளம் உள்ள இடத்தில் இதைச் செய்வது சுலபம். வீட்டில் செய்கிறவர்கள் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள், சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

ஒயரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஷாஃப்டுக்குக் கீழே தொங்கும்படி எங்கும் போகக் கூடாது. பிரேக் பைப்போடும் பெட்ரோல் பைப்போடும் கட்டவே கூடாது. ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டுப் பாடியோடு மேலே கொண்டுபோங்கள். சென்சாருக்கு ஓர் அடி தள்ளி, இழுத்தால் கழன்றுவிடும் கனெக்டர் ஒன்று வையுங்கள். எங்கள் வண்டியில் அன்று அது இருந்திருந்தால் கனெக்டர் கழன்றிருக்கும், பிரேக் பைப் அசைந்திருக்காது.

இன்னொரு வழியும் உண்டு. நம்மூர் மில்களிலும் சிஎன்சி மெஷின்களிலும் இரும்பைக் கண்டு எண்ணும் ப்ராக்சிமிட்டி சென்சார்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. உங்கள் மீட்டர் அதை ஏற்றுக்கொள்ளுமானால், டிஃபரன்ஷியல் முகப்பில் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளையே எண்ண வைக்கலாம். காந்தமே தேவையில்லை, பறப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் இந்த ரகச் சென்சாருக்கு இடைவெளி இரண்டு முதல் நான்கு மி.மீ.க்குள் இருக்க வேண்டும், அதன் பட்டையும் டிஃபரன்ஷியல் கூட்டிலேயே பிடிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். குறிப்பைக் கத்தரித்து வைத்துக்கொண்டு இந்த வாரமே பசை வாங்கப் போகிறவர்கள் இருப்பார்கள். பிளவு வளையத்தின் வரைபடத்தை அளவுகளோடு இத்துடன் இணைத்திருக்கிறேன். இடமிருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். உள்துளை அளவை மட்டும் அவரவர் ஷாஃப்டை வெர்னியரால் அளந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்