கற்றுத்தருபவருக்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியருக்கு,

பெருங்குடல் புற்றுநோய் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, நெல்லைச் சீமையிலும் கொலனோஸ்கோப்பி (கேமராக் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) வசதி பெருகிவிட்டதைச் சொன்னது. கருவி வந்தது சரி. அதைப் பிடிக்கக் கற்றுத்தருபவர் எப்படித் தயாராகிறார் என்பதையும் தொட்டிருக்கலாம்.

நன்றாகச் செய்கிற டாக்டர் நன்றாகச் சொல்லித்தருவார் என்பது நம் நினைப்பு. அனுபவம் ஏற ஏறக் கை தானாக வேலை செய்யும். என்ன செய்தோம் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. ஆசனவாய்க்குச் சற்று மேலே உள்ள சிக்மாய்டு குடல் வளைவில் மாணவர் திணறுவதைக் கவனியுங்கள். ஸ்கோப் என்னும் அந்தக் குழாய் 100 செ.மீ. உள்ளே போயிருக்கும், திரையில் படம் நகராது. தள்ளத் தள்ளக் குழாய் சுருண்டு லூப் விழுகிறது. குடலைத் தாங்கும் சவ்வு இழுபட்டு, ‘வயித்தப் புடிச்சி இழுக்கு’ என்பார் நோயாளி. உடனே சீனியர் ஸ்கோப்பை வாங்கி, திருகிப் பின்னிழுத்து, இரண்டே நிமிடத்தில் பெருங்குடலின் மறுமுனையான சீகத்தை எட்டிவிடுவார். நோயாளிக்கு நிம்மதி. லூப் அவிழ்ந்தால் 70-80 செ.மீ.யிலேயே சீகம் வந்துவிடும் என்பது மட்டும் மாணவர் கைக்குத் தெரியாமலே போகிறது.

பயிற்றுநர் பயிற்சி திருத்துவது இந்த இடத்தைத்தான். கையைக் கட்டிக்கொண்டு வாயால் நடத்தப் பழக்குகிறார்கள். ‘நில்’, ‘பின்னால் இழு’, ‘வலமாகத் திருகு’, ‘காற்றை உறிஞ்சு’, ‘பெரிய சக்கரம், நுனி மேலே’ என்று சொற்களை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒரு கட்டளை. மாணவர் வளைவோடு மல்லுக்கட்டும்போது விளக்கம் சொன்னால் காதிலும் ஏறாது, கையும் தடுமாறும். ‘நில்’ என்ற பிறகே பேச்சு. எந்தக் கட்டத்தில் ஸ்கோப்பை வாங்கிக்கொள்வேன் என்பதைத் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும். முடிந்ததும் ஒன்றிரண்டு குறிப்பு போதும். பத்துச் சொன்னால் ஒன்றும் நிற்காது.

பிரிட்டனில் 2004-ல் வெளியான ஆய்வு 9,223 பரிசோதனைகளைப் பார்த்தது. கறாராகக் கணக்கிட்டதில் சீகம் வரை போனவை 56.9 சதவீதம்தான். தம் முதல் 100 கொலனோஸ்கோப்பிகளை மேற்பார்வையில் செய்திருந்த மருத்துவர்கள் 17 சதவீதமே. பயிற்சி மையங்கள், பயிற்றுநர் வகுப்புகள், தரச்சான்று எல்லாம் வந்தபின், 2011-ல் 20,085 பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தபோது சீகம் வரை போனவை 92.3 சதவீதம். கருவிகளும் மேம்பட்டிருந்தன என்பதால் முழுப் பெருமையும் பயிற்சிக்கே என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

சீகத்தைத் தொடுவது பாதி வேலை. ஸ்கோப்பை வெளியே எடுக்கும்போதுதான் மடிப்புக்குப் பின்னால் பதுங்கிய பாலிப் என்னும் சதை வளர்ச்சி தெரியும். அதற்குக் குறைந்தது 6 நிமிடம் வேண்டும். ‘சீகம் வந்தாச்சு’ என்றதும் பயிற்றுநர் அடுத்த கேஸ் தாளைப் புரட்டினால் மாணவரும் அவசரமாக உருவத்தான் பழகுவார். புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப்பான அடினோமாவைக் கண்டறியும் விகிதம் ஒரு சதவீதம் கூடினால் பின்னாளில் புற்றுநோய் வரும் அபாயம் 3 சதவீதம் குறைவதாக 2014-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆனால் மேல்நாட்டு இலக்கு எண்ணை அப்படியே இங்கே ஒட்டக்கூடாது. நம் மக்களிடம் அடினோமா குறைவு. சீகம் எட்டிய விகிதம், வெளியே எடுத்த நேரம், குடல் சுத்தம் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கலாம்.

குடல் சுத்தம் நர்ஸ் வேலை என்று மாணவர்கள் நினைப்பதும் பயிற்றுநர் விட்ட குறைதான். பேதி மருந்தின் இரண்டாம் பாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்க வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறுபவர் வழியில் கழிப்பறைக்கு எங்கே போவார்? முழுவதையும் முந்தைய இரவே குடித்துவிடுகிறார். காலையில் வலப்பக்கக் குடலில் மஞ்சள் சளி பூசினாற்போல் ஒட்டிக்கொள்கிறது. தட்டையான பாலிப்கள் ஒளிவதும் அங்கேதான். வெளியூர்க்காரர்களுக்கு மதியத்துக்கு மேல் நேரம் கொடுத்து, இரண்டாம் பாதியைக் காலையில் வார்டிலேயே குடிக்க வைக்கலாம். அதற்குத் தேவை நாலைந்து நாற்காலியும் பக்கத்தில் ஒரு நல்ல கழிப்பறையும்.

குடல் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் சிலர்,
பாளையங்கோட்டை.