ரெண்டு சங்கம், ஒரு வார்டு

குட்டி,

எப்படி இருக்க, வீட்டுக்காரருக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதா? இங்க பினாங்குல எல்லாரும் சுகம்தான். அம்மா பட்டர்வொர்த்துல தம்பி வீட்லதான் இருக்காங்க. என் பெரியவ எஸ்பிஎம் பரீட்சை முடிச்சிட்டு நர்சிங்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, வேணாம்னு சொல்ல எனக்கும் மனசு வரல.

இப்ப உனக்கு எழுத உக்காந்ததே யூனியன் விஷயமாத்தான். எங்க ஆஸ்பத்திரியில ரெண்டு சங்கம் ஆள் சேக்குது. ஒண்ணு நர்ஸுங்களுக்கு மட்டும், இன்னொண்ணு நர்ஸு, அட்டெண்டன்ட், லேப், கிச்சன், ரெஜிஸ்ட்ரேஷன் கவுன்டர்னு எல்லாருக்கும். முன்னல்லாம் மலேசியாவுல இப்படி நடக்கவே நடக்காது, ஒரு எடத்துல ஒரு வேலைக்குன்னு ஒரு சங்கம் இருந்துட்டா ரெண்டாவதுக்குப் பதிவு குடுக்க மாட்டாங்க, 1959 சட்டம் அப்படி. அதைத் திருத்தி 2024 செப்டம்பர் 15லருந்து ஒரே எடத்துல எத்தனை சங்கம் வேணாலும் வரலாம்னு ஆக்கிட்டாங்க. அது நல்லதுதான்னு நான் நெனைக்கிறேன், இருக்குற ஒரே சங்கம் தூங்கிட்டா தொழிலாளிக்குப் போக்கிடம் வேணும்ல. ஆனா முதலாளிகூட உக்காந்து பேசுற உரிமை கடைசியில ஒரு சங்கத்துக்குத்தான், அவங்களுக்குள்ள ஒத்து வரலன்னா ரகசிய ஓட்டு. அதனால இப்பவே எலெக்‌ஷன் மாதிரி ஆயிடுச்சு. வருஷக்கணக்கா நைட் ஷிப்ட் ஒண்ணா பாத்தவங்க கேன்டீன்ல தனித்தனி மேசையில உக்காந்து பசியாறுறாங்க. "அவங்க பின்னாடி போனா நர்ஸ் மிஸ்ஸிங்க பிரச்சனை கடைசியிலதான் வரும்"னு இந்தப் பக்கம், "மிஸ்ஸிங்க அவங்களுக்கு வேண்டியத வாங்கிட்டு நம்மள கை கழுவிருவாங்க"ன்னு அந்தப் பக்கம். மேனேஜ்மென்ட் வாயத் தொறக்கவே இல்ல, அதுக்கு அவசியமும் இல்ல.

இதப் பாக்கப் பாக்க எனக்கு உன் கலிஃபோர்னியா கதைதான் ஞாபகம் வருது. அப்ப நீ போன்ல சொன்னப்போ பாதி புரியல, இப்ப தேடித்தேடிப் படிச்சேன். உங்க நர்ஸ் சங்கம் சி.என்.ஏ., எல்லாரையும் சேக்குற பெரிய சங்கம் எஸ்.இ.ஐ.யூ., ரெண்டும் 2008ல ஒஹாயோவுல மோதி, அங்க கத்தோலிக்க ஆஸ்பத்திரிகள்ல நடக்க இருந்த ஓட்டே நின்னு போச்சு. யோசிச்சுப் பாரு, சங்கமே இல்லாம கெடந்த ஆயிரக்கணக்கான பேரு, அவங்களுக்கு ரெண்டுல ஒண்ணுகூடக் கெடைக்கல. அடுத்த வருஷம் ஜனவரியில எஸ்.இ.ஐ.யூ. தலைமை தன்னோட சொந்த கலிஃபோர்னியா கிளையையே நிர்வாகத்துல எடுத்துக்கிட்டு தலைவருங்கள வெளிய அனுப்ப, அவங்க போய் என்.யூ.எச்.டபிள்யூ.ன்னு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கைசர்ங்குற அந்தப் பெரிய ஆஸ்பத்திரி நிறுவனத்துல 2010ல நடந்த ஓட்டுல பழைய சங்கத்துக்கு 18,290, புதுசுக்கு 11,364. அந்த ஒரு ஓட்டுக்கு ரெண்டு பக்கமும் எவ்வளவு பணம், எவ்வளவு ஆள் பலம் போயிருக்கும், அதெல்லாம் உறுப்பினருங்க மாசாமாசம் கட்டுன சந்தா குட்டி!

அதுக்காக எல்லாமே தலைவருங்க பதவிச் சண்டைன்னு நான் சொல்லிட மாட்டேன். நர்ஸிங் ஹோம்ல, வீட்ல போய் முதியவங்களப் பாத்துக்குற 65,000 பேர வேற கிளைக்கு மாத்துறதா வேணாமாங்குறதுதான் அந்த உடைசலுக்கு ஒரு பெரிய காரணம். தன்னோட சங்கம் எதுன்னு முடிவு பண்ண வேண்டியது அந்த 65,000 பேருதானே, அது நியாயமான கேள்விதான். அதே மாதிரி நர்ஸுங்களுக்குன்னு தனியா ஒரு சங்கம் இருந்ததாலதான் உங்க ஊர்ல ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான்னு 1999ல சட்டம் வந்துச்சு, 2004ல அமலுக்கு வந்துச்சு, ஐ.சி.யூ.ல ஒரு நர்ஸுக்கு ரெண்டு நோயாளி, சாதாரண வார்டுல கொஞ்ச நாள் கழிச்சு அஞ்சு நோயாளி. இங்க நைட்ல நான் பாக்குற எண்ணிக்கைய எழுதுனா நீ அழுதுருவ. அதனால நர்ஸுங்க மட்டும் தனியா சேரணும்ங்குறவங்கள என்னால சுயநலம்னு சொல்ல முடியல.

ஆனா அட்டெண்டன்ட் இல்லாம நோயாளியத் திருப்பிப் போடுறது யாரு? வார்டு கழுவுற அக்காங்க வேற ரகம், அவங்க கான்ட்ராக்டர் ஆளுங்க, எங்க முதலாளி லிஸ்ட்லயே இல்ல, அதனால ரெண்டு சங்கமும் அவங்ககிட்ட ஃபாரம் நீட்டல. முக்கால்வாசி நம்ம தமிழ் பொம்பளைங்க, தோட்டத்துலருந்து வந்தவங்க. அரசாங்க ஆஸ்பத்திரிங்கள்ல இந்த வேலைய 90கள்ல தனியாருக்குக் குடுத்தப்புறம் அவங்களே ஒரு சங்கம் கட்டி போராடுறாங்க, 2020 ஜூன்ல ஈப்போ பெரியாஸ்பத்திரி வாசல்ல மறியல் நின்னவங்கள்ல 5 பேர போலீஸ் பிடிச்சது ஞாபகம் இருக்கா? கோவிட் நேரம், நம்மள எல்லாரும் கைதட்டிப் பாராட்டுன அதே மாசங்கள். அந்த அக்காங்கள வெளிய விட்டுட்டு நாங்க ரெண்டு சங்கமும் உள்ள அடிச்சுக்குறது எனக்குத் தாங்கல.

நான் ரெண்டு பக்கத்து ஆளுங்ககிட்டயும் ஒரே விஷயம்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். அங்க சி.என்.ஏ.வும் எஸ்.இ.ஐ.யூ.வும் 2009 மார்ச்ல ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்கல்ல, இனிமே ஒருத்தர் ஆள ஒருத்தர் இழுக்குறதில்ல, சேந்து வேலை பாக்குறதுன்னு? அது அவ்வளவு சேதத்துக்கு அப்புறம் வந்துச்சு. நாம ஓட்டுக்கு முன்னாடியே போடுவோம். யார் ஜெயிச்சாலும் பேச்சுவார்த்தையில மத்தவங்க ஆள் ஒருத்தர் உக்காரணும், நர்ஸ் எண்ணிக்கைப் பிரச்சனை முதல் பக்கத்துல இருக்கணும், கிளீனர் அக்காங்களுக்கு உதவுறதும் எழுத்துல இருக்கணும். இந்தப் பக்கம் ஒரு சீனியர் சிஸ்டர் சரின்னுட்டாங்க. அந்தப் பக்கம் லேப்ல இருக்குற மலாய்க்கார அண்ணன் "எழுதிக் கொண்டு வாங்க, பாப்போம்"னாரு.

எழுதத்தான் எனக்கு வரல. உங்க கான்ட்ராக்ட்ல நர்ஸ் எண்ணிக்கை பத்தின பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புறியா, அதோட ஆள் குறைஞ்ச ஷிப்ட்ல ஆட்சேபம் எழுதிக் குடுப்பீங்களே, அந்த ஃபாரமும். அடுத்த மாசம் கூட்டம், அதுக்குள்ள வேணும். வீட்டுக்காரரக் கேட்டதா சொல்லு.

உன் பழைய ரூம்மேட்