பேனல் வயரை நேராக லித்தியம் செல்லில் வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் நெருங்குகிறது, கடைகளில் சோலார் லைட் விலை கேட்கும் கூட்டமும் கூடிவிட்டது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது வாங்கிய 12 வோல்ட், 10 வாட் பேனல் இன்னும் மொட்டை மாடியில் இருக்கிறது. பழைய ஆசிட் பேட்டரிக்கு அதிலிருந்து நேராக இரண்டு வயர் இழுத்துக் கொடுப்போம். கூடுதலாக ஏறினால் கொப்புளித்துத் தண்ணீர் வற்றும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் சரியாகிவிடும்.

அதே பழக்கத்தில்தான் போன மாதம் மாட்டிக்கொண்டேன். லித்தியம் எமர்ஜென்சி லைட் ஒன்றில் சார்ஜ் போடும் ஓட்டை உடைந்துவிட்டது. ரிப்பேர் கடையில் பேனல் வயரை நேராகச் செல்லின் இரண்டு முனையிலும் பற்றவைத்துக் கொடுத்தார்கள். மத்தியானம் போய்ப் பார்த்தால் தட்டைச் செல் பூரி மாதிரி உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது, நகப்பூச்சு போல ஒரு தித்திப்பு வாடை வேறு. வயரைப் பிடுங்கி, லைட்டை இடுக்கியால் தூக்கி மணலில் போட்டேன்.

12 வோல்ட் பேனல் என்பதெல்லாம் பேருக்குத்தான். நல்ல வெயிலில் எதுவும் மாட்டாமல் மீட்டர் வைத்தால் 21-ஐத் தொடும், சாதாரண லித்தியம் அயன் செல்லுக்கோ 4.2 வோல்ட்தான் எல்லை. மாட்டிய உடனே பேனலின் வோல்டேஜைச் செல் தன் அளவுக்கு இறக்கிவிடும், மீட்டரில் 3.8, 3.9 என்று சாதுவாகக் காட்டும், அதைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன். நிரம்பிய பிறகு நிறுத்துவதற்குத்தான் அங்கே எதுவும் இல்லை.

நடுவில் வோல்டேஜை 5-க்கு இறக்கும் போர்டு ஒன்று, அப்புறம் 4.2-ல் தானாக நிறுத்தும் சார்ஜிங் போர்டு ஒன்று, இவ்வளவுதான் வேண்டும். கடையில் டிபி4056 என்று கேட்டால் இரண்டாவது கிடைக்கும், செல் பாதுகாப்பும் சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். லைட்டின் சொந்த சார்ஜிங் ஓட்டை நன்றாக இருந்தால் 5 வோல்ட் மட்டும் கொடுத்தால் போதும். லித்தியம் அயர்ன் (இரும்பு) பாஸ்பேட் என்ற வேறு வகைச் செல் என்றால் எல்லை 3.65 வோல்ட், அதற்கு இந்தப் போர்டு ஆகாது. பேனல் வெயிலில் கிடக்கட்டும், லைட் நிழலில் இருக்கட்டும், 45 டிகிரிக்கு மேல் சூடேறிய செல்லுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, நம் ஊர் மாடித் தளம் சித்திரையில் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொள்ளளவு 9900 மில்லியாம்ப்-அவர் (mAh) என்று அச்சடித்த உருளைச் செல்லையும் நம்பாதீர்கள், 18650 என்று சொல்லும் அந்த அளவில் நல்ல செல்லே 3500 பக்கம்தான் தரும்.

உப்பிய லைட் இன்னும் கொல்லையில் மணல் சட்டிக்குள் கிடக்கிறது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்தான் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும், ஆனால் என் லைட்டில் தயாரிப்பாளர் பெயரே இல்லை. இந்த மாதிரிச் செல்லை எங்கள் பக்கத்தில் எங்கே கொடுப்பது என்று விசாரித்து உங்கள் பத்திரிகையில் போட்டால் உதவியாக இருக்கும்.

வாசகர்,
வேதாரண்யம்