நம் டேகேரில் ஆண் ஆசிரியர்: பெற்றோர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஜூன் மாதம் முதல் நம் மடிப்பாக்கம் டேகேரில் ஓர் ஆண் ஆசிரியர் வேலை பார்க்கிறார். போன வாரம் பிள்ளையை விட வந்த ஒரு அம்மா கேட் அருகிலேயே நின்று, "மேடம், தப்பா நினைக்காதீங்க. பாப்பாவை பாத்ரூமுக்கு யார் கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்டார். இதில் தப்பாக நினைக்க எதுவுமே இல்லை. வேறு சிலர் மனதிலும் இது இருக்கும் என்பதால் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

கால் கழுவிவிட எந்தக் குழந்தையையும் ஒருவர் மட்டும் தனியாக அழைத்துப் போவதில்லை. ஆயா, மிஸ், சார், நான், எல்லோருக்கும் இதே விதிதான். டயப்பர் மாற்றியவர் பெயரும் உடன் இருந்தவர் பெயரும் நேரத்தோடு நோட்டில் ஏறும். தூங்கும் நேரத்தில் கூடத்துக் கதவைச் சாத்துவதில்லை. வேலைக்குச் சேர்ந்த அனைவருக்கும் காவல்துறை சரிபார்ப்பு வாங்கியிருக்கிறோம். ஆனால் உள்ளே நடப்பது வெளியே தெரியும்படி கழிவறைக் கதவின் மேல்பாதியை எடுத்தது இந்த ஏப்ரலில்தான். பெண்கள் மட்டும்தானே இருக்கிறோம் என்ற தைரியத்தில் அதுவரை யோசிக்காமல் இருந்தது எங்கள் தவறு.

குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பது உண்மை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2007-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வில், பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஆண் குழந்தைகள். தீங்கு செய்தவர்களில் சரிபாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டமும் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. அதனால் "அந்த சார்கிட்ட போகாதே" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். "யார் தொட்டாலும் பிடிக்கலைன்னா உடனே அம்மாகிட்ட சொல்லு" என்று சொல்லிக்கொடுங்கள். சாரிடம் மட்டும் பயப்படக் கற்ற குழந்தை, தெரிந்த மாமாவோ அத்தையோ தவறாக நடந்தால் சொல்லத் தெரியாமல் நிற்கும்.

சேர்ந்த முதல் வாரம் அவர் ரசம் சாதம் பிசைந்தபோது நாலு வயதுப் பையன் ஒருவன், "சார் ஊட்டக் கூடாது, ஆயாதான் ஊட்டணும்" என்று வாயை மூடிக்கொண்டான். அவர் வற்புறுத்தவில்லை, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டித் தட்டில் வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். இப்போது அவன்தான் முதலில் தட்டோடு அவர் எதிரில் சம்மணமிட்டு உட்காருகிறான். ஊட்டுவது பெண்கள் வேலை என்று நாலு வயதிலேயே பதிந்திருந்தது மாறியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் ஒன்று. பிள்ளை ஏதாவது சொன்னால், சின்னச் சந்தேகமானாலும், அன்றே என்னிடம் வாருங்கள். சந்தேகம் இருந்தாலே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது சட்டப்படி என் கடமை. மூடி மறைக்க மாட்டேன். என்னிடம் சொல்லத் தயக்கமென்றால் நேராகக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம்.

முன்கூட்டிச் சொல்லாமல் எந்த நேரமும் வரலாம். பகல் 12 மணிக்கு வந்தால் எல்லோரும் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
டேகேர் பொறுப்பாளர்,
மடிப்பாக்கம், சென்னை