அண்ணரின் பப்பாசிக்கு என்ன நடந்தது

அன்பின் ரவி,

இங்கே எல்லாரும் சுகம். மழை பிந்தியதால் விதைப்பு கொஞ்சம் இழுபட்டுப் போனது. மாமிக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்து இப்போது அவவே ஊசியில் நூல் கோர்க்கிறா.

சரி, நீ கேட்ட பப்பாசி விசயம். போன கிழமை களுதாவளையில் அண்ணரின் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். குருத்திலைகள் வெளிறிச் சுருங்கி, காம்பில் எண்ணெய்க் கறை மாதிரிக் கோடுகள், காயெல்லாம் வளையம் வளையமாக அடையாளம். வளையப்புள்ளி வைரசுதான். அண்ணர் கண்ட கண்ட மருந்தெல்லாம் அடித்துக் களைத்து, "மரம் சும்மா நின்று சாகுதடா" என்றார். சும்மா நிற்கவில்லை மச்சான், உள்ளே பெரிய சண்டை நடக்கிறது.

இந்த வைரசின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. என்ற இழையில் எழுத்து எழுத்தாக இருக்கும். வைரசு தன்னைப் பிரதி எடுக்கும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகும். செடியின் டைசர் நொதியம் அதை 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கும், ஆர்கோனோட் என்ற புரதம் அதில் ஒன்றை வைத்துக்கொண்டு, துணியை மோந்த வேட்டை நாய் போல, அதே எழுத்து வரிசை உள்ள வைரசு ஆர்.என்.ஏ.யைத் தேடிப் போய் வெட்டும். இந்தச் செய்தி ஒரு இலையோடு நிற்காமல் மேலே குருத்து வரை பரவும் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். புகையிலையில் அடியிலைகள் நோயில் கெட, புதுத் தளிர் மட்டும் சுத்தமாக வந்ததை 1928-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏனென்று விளங்க 70 வருசம் போனது, 1999-இல்தான் ஹாமில்டன், போல்கோம் என்ற விஞ்ஞானிகள் அந்தக் குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகளைச் செடிக்குள் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் வைரசும் லேசுப்பட்டதில்லை. பப்பாசியில் வருகிற வைரசுக்கு எச்.சி.புரோ என்றொரு புரதம் உண்டு, அது நறுக்கிய துண்டுகளையே அமுக்கிப் பிடித்துவிடும். பங்கசும் குறைந்ததில்லை: சாம்பல் பூஞ்சணம் தன் குட்டி ஆர்.என்.ஏ.யைச் செடிக்குள் அனுப்பி, செடியின் ஆர்கோனோட்டைக் கொண்டே செடியின் எதிர்ப்பை அடக்குவதை 2013-இல் கண்டார்கள். செடியும் தன் குட்டி ஆர்.என்.ஏ.யைக் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளில் போட்டுப் பங்கசுக்குத் திருப்பி அனுப்புகிறது என்பது 2018-இல் வந்தது.

ஹவாயில் இதே வைரசு தோட்டங்களை அழித்தபோது, வைரசை மூடியிருக்கும் உறைப்புரதத்தின் மரபணுவைப் பப்பாசிக்குள் வைத்து 1998-இல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அங்கே மரத்தைக் காப்பாற்றியதும் வைரசு ஆர்.என்.ஏ.யை வெட்டி அடக்குகிற இந்த வேலைதான். மரபணுவையே தொடாமல், இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைக் களித்துகளில் ஏற்றி இலையில் தெளிக்கிற முறையை 2017-இல் அவுஸ்திரேலியாவில் காட்டினார்கள், ஒரு தெளிப்பு 20 நாள் வரை காத்தது. முகத்தில் துணி கூடக் கட்டாமல் நஞ்சடிக்கிற எங்கட ஆட்களுக்கு முதலில் வரவேண்டியது இதுதான்.

அண்ணரிடம் நீயும் சொல்லு. இந்த வைரசைக் காவுவது அழுக்கணவன் என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. அது இலையில் ஒரு குத்துக் குத்துகிற நேரத்துக்குள் வைரசு ஏறிவிடும், பூச்சி மருந்தால் அதைப் பிடிக்க முடியாது. நோய் பிடித்த மரங்களை வெட்டிப் புதைக்கட்டும், பக்கத்து வளவில் இன்னும் நல்ல மரங்கள் நிற்கின்றன. புதுக் கண்டு நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், ஆனால் பூசணிக் கொடிக்குத் தள்ளி நடச் சொல்லு, இந்த வைரசு அதிலும் தங்கும்.

அன்புடன்,
குமார்