இந்திராபுரம் குருத்வாரா சேவாதார்களுக்கு நன்றி

2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையில், டெல்லிக்குப் பக்கத்துக் காசியாபாத் இந்திராபுரம் குருத்வாரா வாசலில் ஆக்சிஜன் லங்கர் (குருத்வாராவில் எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடுவதுதான் லங்கர், அன்று ஆக்சிஜன்) நடத்திய கால்சா ஹெல்ப் இன்டர்நேஷனல் நண்பர்களுக்கும், பெயர் கேட்கக்கூட விடாமல் ஓடிக்கொண்டே இருந்த சேவாதார்களுக்கும் (குருத்வாராத் தொண்டர்களுக்கும்) வணக்கம்.

டெல்லி, நொய்டா என்று எங்கே போன் போட்டாலும் படுக்கை இல்லை, சிலிண்டர் இல்லை. அப்பாவை ஆட்டோவில் சாய்த்து உட்கார வைத்துக் கூட்டி வந்தபோது ஆக்சிமீட்டர் 76 காட்டியது. ஆதார் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. ஒரு தம்பி ஓடி வந்து, "அங்கிள்ஜி, மெதுவா மூச்சு இழுங்க" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே, ரோட்டோரம் நின்ற ஆளுயர சிலிண்டரிலிருந்து குழாயை ஆட்டோவுக்குள் விட்டு மாஸ்க்கை மாட்டினார். தலைப்பாகை மேல் ஃபேஸ் ஷீல்டு நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார் (பார்த்த எனக்குத்தான் பகீர் என்றது).

அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க, பக்கத்திலேயே காஜிப்பூர் எல்லையில் வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் சீக்கியர்களும் உண்டு. தலைப்பாகை கட்டியவர் எல்லாம் காலிஸ்தானி, தனி நாடு கேட்கிற பிரிவினைவாதி என்று எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் விடாமல் ஃபார்வர்டு செய்துகொண்டிருந்தார். அதே மனிதர் அன்று எங்களுக்கு இரண்டு வண்டி தள்ளி, காருக்குள் மூச்சுத் திணறிக்கொண்டு. எங்கள் பிளாக்காரர் ஒருவர் பொறுக்க முடியாமல் விஷயத்தைத் தம்பியின் காதில் போட்டார். தம்பி கேட்டது ஒன்றுதான்: "அவருக்கு லெவல் எவ்வளவு?" 82 என்றதும் அடுத்த சிலிண்டர் அந்தக் காருக்குப் போய்விட்டது.

அப்பாவுக்கு 90 தாண்டிய பிறகு டீ கொண்டு வந்த உங்கள் பெரியவர்தான் பாய் கன்னையா கதையைச் சொன்னார். 1704 வாக்கில், ஆனந்த்பூர் போரில், எதிரிப் படையில் அடிபட்டுக் கிடந்தவர்களுக்கும் தண்ணீர் கொடுக்கிறார் என்று சீக்கியர்களின் பத்தாவது குரு கோவிந்த் சிங்கிடம் புகார் போகிறது. கூப்பிட்டுக் கேட்டால், எல்லார் முகத்திலும் உங்களைத்தான் பார்க்கிறேன் என்கிறார் கன்னையா. குரு திட்டவில்லை, இனி காயத்துக்கு இதையும் போடு என்று களிம்பைக் கொடுத்து அனுப்பினாராம். 1984-ல், இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு, அரசுக் கணக்குப்படியே 2,733 சீக்கியர்களைக் கொன்ற டெல்லியின் ஓரத்தில் நின்றுகொண்டு இதை அவர் ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி சொன்னார். எனக்கெல்லாம் அந்த மனசு வருமா, சந்தேகம்தான்.

மறுநாள் படுக்கை கிடைக்கும்வரை வண்டியை நகர்த்தாமல் காத்திருந்த ஆட்டோ அண்ணனுக்கும், சிலிண்டர் நிரப்ப அலைந்தவர்களுக்கும் சேர்த்தே இந்த நன்றி. அப்பா நலமாக இருக்கிறார், காபியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போடுகிற அளவுக்கு. பணம் வேண்டாம் என்றீர்கள், சரி. லங்கருக்கு அரிசி மூட்டை அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். எனக்கு ரொட்டி வட்டமாக வராது, பாத்திரம் கழுவுகிற பக்கம் விட்டுவிடுங்கள்.