விளக்கு எரிந்தது, முன்சில்லு சுழலவில்லை

கந்தப்பளை,
2025 ஜூன் 14.

அன்புள்ள கருணா,

தைப்பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆனி பிறக்கப்போகும் நேரத்தில் பதில் எழுதுகிறேன். ஏசுவதற்கு உனக்கு முழு உரிமையும் உண்டு. ஏசி முடித்துவிட்டு மேலே வாசி. வீட்டில் அனைவரும் நலம். சின்னவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அவளுடைய அம்மா அவளைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருக்கிறாள். மற்றபடி மழை, லீக்ஸ், கடன் எல்லாம் வழக்கம் போலத்தான்.

மேல் தோட்டத்திலிருந்து மிளகு மூட்டையும் பால் கேனும் இறக்குவதற்குப் நான்கு சில்லும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் டபுள் கெப் ஒன்று வாங்கப் போவதாகவும், அந்த விஷயத்தில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன் என்பதால் எதை வாங்கலாம் என்று சொல்லும்படியும் கேட்டிருந்தாய். வாசித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை சரியாக நான்கு நாள் தங்கியது.

ஐந்தாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு, தோட்டத்தின் மேல் டிவிசனில் முருகேசு மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. 1990 எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் தார் ரோடு முடியும் இடம்வரை வந்து நின்றுவிட்டது; அதற்கு மேல் அது ஏறாது என்பது உனக்கும் தெரியும். நான் இருக்கும்போது என்ன கவலை என்ற தோரணையில் என் கெப்பை எடுத்துக்கொண்டு ஏறினேன். கோயில் முடக்கைத் தாண்டியதும் வரும் அந்தக் களிமண் ஏற்றத்தில் லீவரை இழுத்து ஃபோர் வீலில் போட்டேன். பச்சை விளக்கும் எரிந்தது. பின்சில்லுகள் இரண்டும் சேற்றை வாரி இறைத்துக் குழி தோண்டினவே தவிர, முன்சில்லுகள் அசையவே இல்லை. கடைசியில் ஆறு பையன்கள் மாமாவைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் இறங்கினார்கள். நான் டோர்ச் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவர் பிழைத்துக்கொண்டார். வார்ட்டில் கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "வண்டி ஏறிருச்சாப்பா?" என்று கேட்டார், இன்றைக்கும் தெருவில் கண்டால் அதையேதான் கேட்கிறார். நீ சிரிப்பாய். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மெக்கானிக் பாஸ் முன்சில்லை அச்சோடு பிணைக்கும் ஹப்பைக் கழற்றிக் காட்டினார். தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை ஹப் அது. உள்ளே பல் எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அந்தப் பச்சை விளக்கு கியர்ப் பெட்டிக்குப் பின்னாலுள்ள டிரான்ஸ்ஃபர் பெட்டியில் லீவர் மாறிவிட்டது என்பதை மட்டும்தான் சொல்லும், சில்லு வரைக்கும் வலு போய்ச் சேர்ந்ததா என்பதைச் சொல்லாது என்று அவர் விளக்கினார். ஐந்து வருடமாக நான் ஃபோர் வீல் என்று நம்பி ஓட்டியது வெறும் விளக்கைத்தான். இதை வைத்துக்கொண்டு உனக்கு எப்படிப் புத்தி சொல்வது? அதுதான் இந்த மௌனத்தின் காரணம்.

அந்த வண்டியை விற்றுவிட்டேன். குறையைச் சொல்லித்தான் விற்றேன், ஆனாலும் 2019 இல் நான் கொடுத்ததைவிடக் கூடுதலான விலை கிடைத்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து இந்த நாட்டில் பழைய இரும்புக்கு வந்த மவுசு, இந்தப் பெப்ரவரியில் கதவைத் திறந்த பிறகும் வரிச் சுமையால் இன்னும் இறங்கவில்லை. ஆகவே மலிவாகக் கிடைக்கும் என்ற நினைப்பை முதலில் விடு. அதிகம் கொடுக்கத்தான் போகிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தாவது கொடுக்க வேண்டும்.

நான்கு மாதமாக நான் வண்டி பார்த்து அலைந்ததில் ஒன்று தெளிவாகிவிட்டது. என்ன மொடல், எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பதற்கு முன்னால், வண்டி எந்த ஊரில் வாழ்ந்தது, முதுகில் எதைச் சுமந்தது என்று கேட்க வேண்டும். நீர்கொழும்பில் ஒன்றைப் பார்த்தேன். மேலே மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. (நீயாக இருந்தால் அந்த இடத்திலேயே முற்பணம் கொடுத்திருப்பாய்.) அடியில் படுத்துப் பார்த்தால் சேசிஸ் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். முன்பகுதியில் கணீரென்று கேட்ட சத்தம் பின் அச்சுக்கு மேலே, ஸ்பிரிங் மாட்டும் இடத்தருகில், பழுத்த பலாவைத் தட்டியது போல மழுங்கியது. மீன் பெட்டி ஏற்றிய வண்டியாம். உப்புத் தண்ணீர் வருடக் கணக்காக ஒழுகிய இரும்பை எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

இன்னொன்று குருநாகல் பக்கத்து வண்டி. மீட்டரில் எண்பதாயிரம் காட்டியது, ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் வழுக்கைத் தலை போல இருந்தது. எண்பதாயிரத்தில் ரப்பர் அப்படித் தேயாது. அதைக்கூட மன்னித்திருப்பேன். சமதரையிலேயே ஓடிய வண்டியில் ஃபோர் வீல் லீவரை யாரும் தொட்டதில்லை, ஆகவே அது துருப்பிடித்து இறுகி, இரண்டு கையால் இழுத்தும் வரவில்லை. நம் மலை வண்டிகளுக்கோ கிளட்ச் தேய்ந்திருக்கும், பிரேக் தேய்ந்திருக்கும், மரக்கறி ஏற்றுவதற்காக ஸ்பிரிங்கில் பட்டை கூட்டியிருப்பார்கள். ஆனால் அந்த லீவரில் லோ கியர் வாரத்துக்கு இரண்டு முறையாவது விழுந்திருக்கும். தேய்ந்ததை மாற்றலாம், இறுகியதையும் அழுகியதையும் மாற்றப் போனால் வண்டி விலை ஆகிவிடும். எனவே நான் மலை வண்டிக் கட்சி. சந்திரன் மாஸ்டர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் எதைத்தான் ஒத்துக்கொண்டார்?

இன்ஜினைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2005 க்குப் பிந்திய டொயோட்டா ஹைலக்ஸ் விகோ வகைகளில் வரும் கொமன் ரெயில் டீசல் இன்ஜின் வலுவானதுதான், மறுக்கவில்லை. நம் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், டர்போ இல்லாத பழைய இன்ஜின் மூச்சு வாங்கும். டர்போ உள்ளது அதை ஈடுகட்டிவிடும். ஆனால் கொமன் ரெயிலில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் சுத்தமான டீசலைத் தவிர வேறெதையும் பொறுக்காது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயாக இருந்த காலத்தில் எத்தனை பேர் அதை டீசலில் கலந்து ஓட்டினார்கள் என்பதை நீயும் கண்டிருப்பாய். 2022 ஆகஸ்டில் அது 340 ஆன பிறகுதான் அந்த ஆசை தணிந்தது. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலேதான் மசகெண்ணெய், மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புக் கிடையாது. போதாக்குறைக்கு 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் பீப்பாயில் தண்ணீரோடு சேர்ந்து கிடந்ததையும் ஊற்றினார்கள். அந்த வருடத்தைத் தாண்டி வந்த வண்டியிடம் என்ன குடித்தாய் என்று கேட்கத்தான் வேண்டும்.

ஆகையால் எனக்குப் பிடித்தது எல்.என்.106 என்னும் பழைய ஹைலக்ஸ்தான்: 2.8 லீற்றர், டர்போ இல்லை, கம்பியூட்டர் இல்லை, முன்னாலும் பின்னாலும் முழு இரும்பு அச்சு, நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். ஏற்றத்தில் மெதுவாகத்தான் போகும், முதுகும் வலிக்கும். ஆனால் பசறையிலும் சரி இராகலையிலும் சரி, அதைத் திறந்து மூடத் தெரியாத கராஜ் இல்லை. உன் மிளகுக்கு அவசரமும் இல்லை.

இனி முக்கியமான விஷயம். வெலிமடையில் அப்படி ஒன்று இருக்கிறது. 1994 ஆம் ஆண்டு வண்டி. ஓய்வுபெற்ற ஒரு விவசாய உத்தியோகத்தர் தானே ஓட்டித் தானே கழுவி வைத்திருக்கிறார். ஹப் கையால் திருப்பிப் பூட்டும் வகை. அங்கே போனதும் நான் செய்யப்போவது இதுதான்: பின்சில்லுகளுக்குக் கல் வைத்து, கியரிலும் ஃபோர் வீலிலும் போட்டு இன்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டு ஹப்பையும் பூட்டி, ஒரு முன்சில்லை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்ப்பேன். சுற்றாமல் முரண்டு பிடித்தால் ஹப் பிடித்திருக்கிறது. ராட்டினம் போலச் சுற்றினால் என்னுடைய பச்சை விளக்குக் கதைதான். பிறகு மற்றச் சில்லு. அப்புறம் முன் அச்சின் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலில் கொஞ்சம் எண்ணெய் இறக்கிப் பார்க்க வேண்டும், பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நான்கு டயரும் ஒரே அளவா என்பதையும் மறக்கக்கூடாது. அளவு மாறினால் ஃபோர் வீலில் ஓடும்போது உள்ளிருக்கும் பற்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

நாங்கள் வரும்வரை இன்ஜினைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். போனவுடன் பொனட்டில் கையை வைப்பேன். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார் என்று திரும்பிவிடுவோம். குளிரில் ஸ்டார்ட் ஆகி, எண்ணெய் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதன் வாயிலேயே வைத்தால் அது துள்ளாமல் கிடக்க வேண்டும்.

வண்டியின் பதிவுப் புத்தகம் அவர் பெயரிலேயே இருக்கிறது, லீசிங் கம்பனி எதுவும் முழு உரிமையாளராகப் பதிவாகவில்லை. சேசிஸ் நம்பரை நீயே கண்ணால் ஒப்பிடு. பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஓபன் பேப்பரில் வாங்கச் சொல்லி எந்தத் தரகனாவது காதைக் கடித்தால் எழுந்து வந்துவிடு.

சரியாக இருந்தால் வண்டி உனக்கு. எனக்குத் தேவையில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், தினமும் லொறிக்காரனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்; ஐந்து மாதம் பதில் எழுதாததற்குத் தண்டம் என்று வைத்துக்கொள்.

வருகிற 22 ஆம் திகதி ஞாயிறு காலை எட்டு மணிக்கு வெலிமடை பஸ் நிலையத்தில் நிற்பேன். நீ பதுளை வழியாக முதல் பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். உன்னிடமுள்ள நீளமான டோர்ச்சைக் கொண்டுவா. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வராதே. என் முதுகு இப்போது வளைவதில்லை, அடியில் படுக்கப் போவது நீதான்.

என்றும் உன்,
தியாகு